கோயம்புத்தூர் தந்த 'கரி'

கார் பந்தயம்னா வெளிநாட்டு சமாச்சாரம் என்கிறோம். அதை நம்ம ஊர் ஆட்டமாக்கியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். எல்லோருக்கும் அவர் 'கரி'.

மில் குடும்பத்தில் பிறந்தவர். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஓட்டினார். வெளிநாட்டுக் கார் வாங்கப் பணம் இல்லாத திறமைசாலிகள் வேடிக்கைதான் பார்க்கணும் என்ற நிலை அப்போது. மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை கரி இங்கேயே செய்தார். அதுதான் பார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி எஞ்சின்! அப்புறம் எப்படி ஜெயிப்பது? ஓட்டும் திறமையாலும், காரைப் பதப்படுத்தும் அறிவாலும்தான்.

ஓர் உதாரணம் சொல்றேன். நம்ம ரெட்டிபாளையம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி திரும்பும்போது ஒரு பக்கம் சாயுதே, பார்த்திருப்பீர்கள். காரில் அந்தச் சாய்வைக் குறைப்பது, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற எஃகுக் கம்பி. 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் விறைப்பு சுமார் ஒன்றரை மடங்காகும்! முன்பக்கம் விறைப்பு மிஞ்சினால் கார் சரியாகத் திரும்பாது. பின்பக்கம் மிஞ்சினால் வால் வீசிச் சுழலும். அதனால் தடிமன் முக்கியமல்ல, பொருத்தமே முக்கியம்.

1995-ல் விமான விபத்தில் கரி இறந்தார். பார்முலா மாருதியில் ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். செட்டிபாளையம் பந்தயத்தளத்துக்குக் கரியின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

தான் மட்டும் ஜெயிக்காமல் பிறரும் ஓட வழி செய்தாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. நாமும் அப்படி வாழ்வோமா?