வெப்பத்துக்கு ஒரு கமலை! கெல்வின் பிரபுவின் கதை

சித்திரை பிறந்தால் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை கொதிக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, இரவில் வெகு நேரம் அனலைக் கக்கும். வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு சமவெளியிலும் இதே கதைதான்.

இப்போது பல வீடுகளில் ஏ.சி. வந்துவிட்டது. தவணை கட்டி வாங்கிய பெட்டி. அது ஒருநாள் குளிர் தராமல் நின்றால் வீடே கவலையில் ஆழ்கிறது. பழுது பார்ப்பதா? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

இந்தப் பெட்டி ஓடுகிற தத்துவத்தை 1852-ம் ஆண்டிலேயே எழுதிக் காட்டிய மேதை ஒருவர் உண்டு. பழுது பார்ப்பதா, புதிது போடுவதா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. ஆனால் அவருக்கு வந்தது வீட்டுப் பெட்டியால் அல்ல. அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் அடியில் கிடந்த தந்திக் கம்பியால்!

அவர் பெயர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு.

பத்து வயதில் கல்லூரி

அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் 1824 ஜூன் 26-ந் தேதி வில்லியம் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணக்கு வாத்தியார். வில்லியமுக்கு ஆறு வயதாகும்போது தாய் இறந்துவிட்டாள். தாயில்லாப் பிள்ளைகளைத் தந்தையே வளர்த்தார். அவரே பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

தந்தைக்கு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று. அந்தச் சர்வகலாசாலையில் வில்லியம் மாணவராகச் சேர்ந்தபோது வயது பத்து! கெட்டிக்காரச் சிறுவர்களை அக்காலத்தில் அங்கே சேர்த்துக்கொள்வார்கள்.

பிறகு கேம்பிரிட்ஜில் படித்தார். படிப்போடு படகு ஓட்டும் போட்டியிலும் பரிசு வாங்கினார். 1845-ம் ஆண்டு கடைசிப் பரீட்சையில் அவர்தான் முதலாவதாக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இரண்டாவதாகத்தான் வந்தார். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே கிளாஸ்கோவில் பேராசிரியர் ஆகிவிட்டார். அப்போது வயது 22.

பாடம் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. மாணவர்கள் தங்கள் கையாலேயே சோதனை செய்து பார்க்க வேண்டும் என்றார். அதற்கு இடம் கேட்டார். கிடைத்தது ஒரு பழைய ஒயின் கிடங்கு! அதைச் சுத்தம் செய்து சோதனைச்சாலை ஆக்கினார்.

குளிரிலும் சூடு உண்டு

1847-ல் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு விஞ்ஞானக் கூட்டம். ஜூல் என்பவர் பேசினார். உழைப்பைச் செலவிட்டால் அது வெப்பமாக மாறும், அதற்குக் கணக்கு உண்டு என்பது அவர் பேச்சின் சாரம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாம்சனுக்கு மட்டும் அது மனதில் தைத்தது. இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

மறு ஆண்டு தாம்சன் ஒரு புது வெப்ப அளவைக் கூறினார். தண்ணீர் உறையும் நிலையை நாம் பூஜ்யம் டிகிரி என்கிறோம். ஆனால் அது உண்மையான பூஜ்யம் அல்ல. அதற்கும் கீழே ஏறக்குறைய 273 டிகிரி இறங்கினால்தான் உண்மையான அடிமட்டம் வரும். அப்படியானால் ஐஸ் கட்டியிலும் வெப்பம் இருக்கிறது. நடுங்கும் குளிர்காற்றிலும் வெப்பம் இருக்கிறது. அதை எடுக்க வழி தெரிந்தால் போதும்!

அந்த வழியை அவர் 1852-ல் எழுதினார். நம் ஊர் விவசாயிக்கு அதை எளிதாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வர வேண்டுமானால் கமலை கட்டி இறைக்க வேண்டும். மாடு உழைக்க வேண்டும். வெப்பமும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குக் கொண்டுபோக ஓர் இயந்திரம் இறைக்க வேண்டும்.

தாம்சன் கூறிய இயந்திரம் காற்றை விரித்தும் அமுக்கியும் வேலை செய்வது. குளிர்நாட்டில் கட்டிடத்தைச் சூடாக்கலாம். அதையே வெயில் நாட்டில் கட்டிடத்தைக் குளிர்விக்கப் பயன்படுத்தலாம். நிலக்கரியை அடுப்பில் நேராக எரிப்பதைவிட, அந்த நிலக்கரியால் இந்த இயந்திரத்தை ஓட்டினால் பல மடங்கு வெப்பம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்த நாளில் சென்னைக்குக் குளிர்ச்சி எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் உறைந்த ஏரியை வெட்டி, ஐஸ் பாளங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அதைச் சேர்த்து வைக்கக் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ். பின்னாளில் விவேகானந்தர் தங்கிய கட்டிடமும் அதுவே.

இன்று நம் வீட்டு ஏ.சி.யில் காற்றுக்குப் பதிலாக ஒரு தனி ரகக் கேஸ் ஓடுகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் அது கொதித்து, அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே உள்ள கம்ப்ரசர் அதை அமுக்கிச் சூடேற்றுகிறது. வெளிக் காயிலில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. கம்ப்ரசர்தான் கமலை மாடு. கொடைக்கானல் போன்ற குளிர் ஊரில் இதைத் திருப்பி ஓட்டினால் அறை சூடாகும். அதற்கென்றே செய்த பெட்டிகளும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஹீட் பம்ப் என்று பெயர்.

கடலுக்கடியில் கம்பி

தாம்சனுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது வேறொரு வேலை.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே கடலடியில் தந்திக் கம்பி போட 1856-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. மூலதனம் மூன்றரை லட்சம் பவுன். தாம்சன் அதில் ஒரு டைரக்டர். மின்சார நிபுணராக இருந்தவர் ஒயிட்ஹவுஸ். அவர் தொழிலால் வைத்தியர்.

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நீளமான கம்பிக்குக் கனமான செம்பு வேண்டும் என்றார் தாம்சன். செம்பின் தரத்தை அளந்து பார்த்து வாங்க வேண்டும் என்றார். அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. கம்பி தயாராகி வந்துவிட்டது.

1858 ஆகஸ்டில் கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்குச் செய்தி அனுப்பினார். 98 வார்த்தைகள். போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது! ஆனாலும் ஜனங்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நியூயார்க்கில் வாண வேடிக்கை விட்டு, நகர மண்டபத்தின் கோபுரத்துக்கே தீ வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் கம்பிக்கு நோய் இருந்தது. மேலுறை பல இடங்களில் பலவீனம். தாம்சன் ஒரு கருவி செய்திருந்தார். சிறு கண்ணாடித் துண்டில் ஒளி பட்டு அசையும். மிக மெல்லிய மின்சாரத்தையும் அது காட்டிவிடும். நோயாளிக் கம்பிக்கு அந்த மெல்லிய மின்சாரமே போதும். ஒயிட்ஹவுஸ் ஒப்பவில்லை. ஏறக்குறைய 2,000 வோல்ட் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். இருந்த உயிரும் போய்விட்டது. சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று.

திண்டுக்கல்காரர்களுக்கு இது புதிதல்ல. சாவி திரும்பாத பூட்டைப் பலங்கொண்டு முறுக்கினால் என்ன ஆகும்? சாவியும் உடையும், உள்ளே லீவரும் கெடும். நல்ல பூட்டுத் தொழிலாளி முதலில் எது சிக்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

ஒயிட்ஹவுஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணை நடந்தது. அந்தக் கம்பியைச் சரிசெய்ய முடியவில்லை. நீளம் முழுதும் குறை. எந்த இடத்தை என்று ஒட்டுவது? புதிதுதான் போட வேண்டும் என்று முடிவாயிற்று.

மீன் பிடிப்பதுபோல்

1865-ல் புதுக் கம்பி. தாம்சன் சொன்னபடி கனமான செம்பு, நல்ல உறை. கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சசக் கப்பல் அதைச் சுமந்து சென்றது. கப்பலில் தாம்சனும் இருந்தார். பாதிக்கு மேல் போட்டாகிவிட்டது. ஆகஸ்டு 2-ந் தேதி கம்பி அறுந்து, இரண்டு மைலுக்கு மேல் ஆழமான கடலில் விழுந்தது.

கொக்கி போட்டுத் தேடினார்கள். அகப்பட்டது. தூக்கும்போது கயிறு அறுந்தது. மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் அறுந்தது. கயிறு தீர்ந்தது. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு மற்றொரு புதுக் கம்பி கொண்டுபோய், ஜூலை 27-ந் தேதி வெற்றியோடு கரை சேர்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கப்பல் நடுக்கடலுக்குத் திரும்பியது. பல நாள் பாடுபட்டு, செப்டம்பரில் பழைய கம்பியின் நுனியைப் பிடித்துத் தூக்கினார்கள். கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அயர்லாந்துக் கரையிலிருந்து பதில் வந்தது! ஓராண்டு கடலடியில் கிடந்தும் கம்பி பழுதில்லை. மிச்சத்தை ஒட்டி முடித்தார்கள். இரண்டு கம்பிகளும் வேலை செய்தன.

1858-ம் ஆண்டுக் கம்பியைக் கைவிட்டார்கள். 1865-ம் ஆண்டுக் கம்பியைக் கடலடியிலிருந்து எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஒன்றில் குறை எங்கும் பரவியிருந்தது. மற்றதில் குறை ஓரிடத்தில்தான். அளந்து பார்த்ததால் இது தெரிந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டி

ஏ.சி.க்கும் இதே கணக்குதான். பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? வெளிப் பெட்டியின் காயிலில் சாலைப் புழுதியும் நூல் மில் பஞ்சும் படிந்திருக்கிறதா? இவற்றை முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் உறுமுகிறது, ஆனால் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். அது சிறு செலவு. அதை மாற்றாமல் திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது ஒயிட்ஹவுஸ் செய்த காரியம்! வோல்டேஜ் தாழ்ந்த நேரத்தில் பிடிவாதமாக ஓட்டுவதும் அப்படியே.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கேஸ் அடுப்பு எண்ணெய்போல் செலவாகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், அடுத்த கோடைக்கு அதே செலவு மறுபடியும் வரும். ஒரே இணைப்பில் கசிவு என்றால் அது 1865-ம் ஆண்டுக் கம்பி. காயில் முழுதும் அரித்து, ஆண்டுக்கோர் இடத்தில் கசிந்தால் அது 1858-ம் ஆண்டுக் கம்பி. பெட்டியும் பழையது, கம்ப்ரசரும் எரிந்தது, உத்தரவாதக் காலமும் முடிந்தது என்றால் அதில் பணம் போடுவது வீண். அதில் ஆர்-22 என்ற பழைய ரகக் கேஸ் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது.

மின்சாரம் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்னால் காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். பழையது மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல், அதாவது 1.6, புதியது ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் 100 நாள், நாளுக்கு 8 மணி ஓடினால் மிச்சம் 480 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 3,840 ரூபாய். புதுப் பெட்டி 36,000, பழுது பார்க்க 3,000 என்றால் வித்தியாசம் 33,000. அது திரும்பி வர எட்டரை ஆண்டு ஆகும்! ஆண்டில் 250 நாள் ஓட்டுகிற வீடானால் மூன்றரை ஆண்டில் வந்துவிடும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில்.

கடைசிக் காலம்

கம்பி வெற்றிக்காக 1866-ல் தாம்சனுக்கு ஸர் பட்டம் கிடைத்தது. 1892-ல் பிரபு ஆனார். சர்வகலாசாலையை ஒட்டி ஓடும் கெல்வின் நதியின் பெயரைத் தன் பட்டத்துக்கு வைத்துக்கொண்டார். வெப்ப அளவுக்கும் இன்று அதே பெயர். கப்பல்களுக்குத் திசைகாட்டி செய்தார். கடல் ஆழம் அளக்கும் கருவி செய்தார். 1881-லேயே தம் வீட்டில் மின்சார விளக்குப் போட்டார்.

வீட்டு வாழ்க்கையில் துன்பம் உண்டு. வெப்ப இயந்திரம் பற்றி எழுதிய 1852-ம் ஆண்டில்தான் மார்கரெட் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் விரைவிலேயே நோயில் விழுந்து, எழாமலே 1870-ல் காலமானார். 1874-ல் மறுமணம் செய்தார். குழந்தைகள் இல்லை. பனியில் விளையாடி விழுந்து கால் முறிந்ததால் ஆயுள் முழுதும் சற்று நொண்டினார்.

மேதையும் தவறுவது உண்டு. பலூன் தவிர வேறு எதுவும் ஆகாயத்தில் மனிதனைச் சுமக்கும் என்று அவர் நம்பவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1903-ல், ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள்!

53 ஆண்டு பாடம் சொல்லிவிட்டு 1899-ல் ஓய்வு பெற்றார். உடனே அதே சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகப் பெயர் பதிந்துகொண்டார். அப்போது வயது 75.

1907 டிசம்பர் 17-ந் தேதி காலமானார். லண்டனில் நியூட்டன் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு அமெரிக்காவில் புரூக்ளின் நகரில், ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காமல் இருக்க, கேரியர் என்ற இளைஞர் ஒரு குளிர்சாதன ஏற்பாட்டை அமைத்திருந்தார். அது வீடுகளுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.