பள்ளி வளாகத்தில் ஒரு சமாதி

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் 1892-ஆம் ஆண்டு மயில்வாகனன் பிறந்தார். ஆங்கிலக் கல்வி வேண்டிய அப்பகுதிப் பிள்ளைகள் அந்நாளில் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளையே நாட வேண்டியிருந்தது. அவரும் அங்கேதான் பயின்றார். பின்னர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அப்பதவியைத் துறந்து 1922-இல் சென்னை ஸ்ரீராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் சுவாமி சிவானந்தரிடம் சன்னியாசம் பெற்றுச் சுவாமி விபுலானந்தர் ஆனார்.

பதவியை விட்டவர் பள்ளியை விடவில்லை. 1925-இல் தாயகம் திரும்பி, மிஷன் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். 1929-இல் மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில், தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். கிராமத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதும் அவருக்கு இறைவழிபாடே.

அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், பின்னர் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றன. பல்லாண்டு ஆய்வின் கனியான 'யாழ் நூல்' அரங்கேறிய சில வாரங்களில், 1947 ஜூலை 19 அன்று அவர் மகாசமாதி அடைந்தார்.

1960-களின் தொடக்கத்தில் அப்பள்ளிகள் அரசின் வசமாயின. எனினும் அவரது திருமேனி சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே துயில்கிறது. நிர்வாகம் கைமாறலாம், கற்பித்தவரின் தவம் கற்றவரிடம் தொடர்கிறது.