தங்கவயலுக்கு எழுத்துக் கொண்டுவந்த பண்டிதர்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க், சாம்பியன் ரீப், மைசூர், ஊரிகாம் சுரங்கங்கள் மும்முரமாக ஓடிய காலம். வட ஆற்காடு பக்கத்திலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குழியில் இறங்கினார்கள். ஊரில் அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்டிருந்தது. தங்கம் தோண்டிய கைகளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது!

அந்தக் கைகளில் பத்திரிகையைக் கொடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845-ம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னர் தம் பெயராக்கிக் கொண்டார். நீலகிரியில் சில காலம் வாழ்ந்து, அங்குள்ள எளிய மக்களிடையே பணியாற்றினார்.

1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் குரல் எழுப்பினார். கோவிலில் நுழையும் உரிமை கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், ஏழைகளுக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்று கேட்டார். அதைச் சபை ஏற்றது.

கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தினார். பண்டிதர் அவருடன் நட்புக் கொண்டார். 1898-ல் கொழும்பு சென்று பவுத்தம் தழுவினார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் கண்டார். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களே இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்பது அவர் முடிவு.

1907 ஜூன் 19-ந் தேதி, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' பிறந்தது. நாலு பக்கம்; விலை ஒரு பைசா. கூலிக்காரனும் வாங்கட்டும் என்றுதான் அந்த விலை! மறு ஆண்டு பெயர் 'தமிழன்' ஆயிற்று. சரித்திரம், மருத்துவம், விவசாயம், அரசியல் எல்லாம் அதில் வந்தன.

தங்கவயல் தொழிலாளர்கள் அதைத் தங்கள் பத்திரிகையாகவே ஏற்றுக் கொண்டார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பவுத்த சங்கங்கள் கிளைத்தன. படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் கேட்டனர். பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கப் போன தமிழர்களும் அதற்கு வாசகர்கள் ஆனார்கள்.

பண்டிதர் 1914-ல் மறைந்தார். மகன் சிறிது காலம் நடத்திய பின் பத்திரிகை நின்றது. அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 1926-ல் ஜி.அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது! சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. தலைநகரம் மறந்தவரைச் சுரங்கத் தொழிலாளர்கள் காப்பாற்றினார்கள்.

1999-ல் அவர் எழுத்துக்கள் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. 2005-ல் மத்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. தங்கச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. வெட்டிய தங்கம் எங்கெங்கோ போயிற்று. தங்கவயலில் அச்சேறிய எழுத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது.