வெள்ளை மாளிகைக்குத் திரும்பி வந்தவர்

1933-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஹெர்பர்ட் ஹூவர் அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கினார். அந்த நாட்டில் அன்று அவரளவுக்கு ஏச்சு வாங்கிய மனிதர் வேறு எவரும் இல்லை. அதற்குப்பின் 12 ஆண்டுகள் வெள்ளை மாளிகையின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. 1945-ல் திறந்தது. திறந்துவிட்டவர் அவருடைய கட்சிக்காரர் அல்ல. எதிர்க்கட்சிக்காரர்!

கொல்லர் மகன்

ஹூவர் 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி அயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சின்ன ஊரில் பிறந்தார். தந்தை கொல்லர். ஹூவருக்கு 6 வயதாகும்போது தந்தை காலமானார். 9 வயதில் தாயும் போய்விட்டார். அனாதையான பையனை, தொலைவில் ஆரிகன் மாநிலத்தில் இருந்த தாய்மாமன் அழைத்துக்கொண்டார்.

கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 1891-ல் தொடங்கியது. முதல் வகுப்பு மாணவர்களில் ஹூவரும் ஒருவர். பூமிக்கடியில் உள்ள கனிமங்களைப் பற்றிப் படித்தார். படித்து முடித்தும் நல்ல வேலை கிடைக்கவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கி, தள்ளுவண்டி தள்ளிப் பிழைத்தார். பிறகு ஆஸ்திரேலியா, சீனா, பர்மா என்று பல நாடுகளில் சுரங்க எஞ்சினீயராக வேலை பார்த்து, 40 வயதுக்குள் பெரும் பணக்காரர் ஆனார்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மன் படை பெல்ஜியத்தைப் பிடித்தது. மக்களுக்குச் சோறு இல்லை. அப்போது லண்டனில் இருந்த ஹூவர், சம்பாதித்தது போதும் என்று எஞ்சினீயர் தொழிலை விட்டார். கப்பல் கப்பலாகத் தானியம் திரட்டி அனுப்பினார். பெல்ஜியத்திலும் வடக்கு பிரான்சிலும் 90 லட்சம் பேர் அந்த உணவால் உயிர் பிழைத்தார்கள். 1921-ல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தது. கம்யூனிஸ்டுகளை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் அங்கும் உணவு அனுப்பினார். ஒரு கட்டத்தில் தினமும் 1 கோடி பேருக்கு மேல் அதைச் சாப்பிட்டார்கள்.

இந்தப் புகழே அவரை 1928-ல் ஜனாதிபதி ஆக்கியது. அவர் குடியரசுக் கட்சிக்காரர். சம்பளத்தைக்கூட தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஹூவர் கொடி

பதவி ஏற்று 8 மாதம்கூட ஆகவில்லை. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. பாங்கிகள் மூடின. ஆலைகள் நின்றன. 1933-ல் உழைக்கும் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை.

ஊருக்கெல்லாம் சோறு போட்டவர் சொந்த நாட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரா? அப்படிச் சொல்ல முடியாது. அணைகள் கட்டவும், பாங்கிகளுக்குக் கடன் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். ஆனால் மத்திய சர்க்கார் நேராக ஏழைகளின் கையில் பணம் கொடுப்பது தவறு என்று பிடிவாதமாக நம்பினார். பசித்தவன் அதை எப்படிப் பொறுப்பான்? 1932-ல் பழைய சிப்பாய்கள் உதவி கேட்டு வாஷிங்டனில் கூடினார்கள். பட்டாளம் அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. அந்தப் பழியும் ஹூவர் தலையில் விழுந்தது.

வீடு இழந்தவர்களின் குடிசைப் பகுதிக்கு மக்கள் 'ஹூவர் ஊர்' என்று பெயர் வைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொண்ட பழைய பத்திரிகை 'ஹூவர் கம்பளி'. வெளியே இழுத்துவிட்ட காலிச் சட்டைப்பை 'ஹூவர் கொடி'.

1932 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 42-ஐ வென்றார். கொலராடோ ஆற்றில் கட்டிக்கொண்டிருந்த பெரிய அணைக்கு ஹூவர் பெயர் வைத்திருந்தார்கள். புதிய மந்திரி வந்ததும் அந்தப் பெயரும் போயிற்று. 'போல்டர் அணை' ஆகிவிட்டது. ஹூவரும் சும்மா இருக்கவில்லை. ரூஸ்வெல்ட்டின் திட்டங்களைக் கடுமையாகத் தாக்கிப் பேசி வந்தார். இரண்டாம் உலக யுத்தத்திலும் ரூஸ்வெல்ட் அவரைக் கூப்பிடவில்லை.

கையால் எழுதிய கடிதம்

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் காலமானார். உதவி ஜனாதிபதியாக இருந்த ட்ரூமன் ஜனாதிபதி ஆனார். அவரும் ஜனநாயகக் கட்சியில் ஊறியவர்தான். ஆனால் தோல்வி என்றால் என்ன என்று தெரிந்தவர். இளமையில் துணிக்கடை வைத்து நொடித்துப்போய், பல ஆண்டுகள் கடன் அடைத்தவர்.

ஐரோப்பா பசியில் கிடந்தது. இந்த வேலை தெரிந்த மனிதர் யார் என்று ட்ரூமன் பார்த்தார். மே 24-ந் தேதி தம் கையாலேயே ஹூவருக்குக் கடிதம் எழுதி அழைத்தார். 28-ந் தேதி ஹூவர் வெள்ளை மாளிகைக்கு வந்தார். உணவு நிலைமையைப் பற்றிப் பேசினார்கள். இதெல்லாம் அரசியல், இனி ஒன்றும் நடக்காது என்றே ஹூவர் எண்ணிக்கொண்டு திரும்பினார்.

ஆனால் நடந்தது. 1946-ல் ட்ரூமன் அவரை உலகம் சுற்றி வரச் சொன்னார். எந்த நாட்டில் எவ்வளவு தானியம் தேவை, எங்கே மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை. 71 வயதில் ஹூவர் விமானம் ஏறினார். 30-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனார். உணவுப் பற்றாக்குறையில் தவித்த நம் இந்தியாவுக்கும் ஏப்ரல் மாதத்தில் வந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனி போனார். அவர் யோசனைப்படி அங்கே பள்ளிக்கூடங்களில் 35 லட்சம் பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது. எதிரி நாட்டுப் பிள்ளைகள் என்று பார்க்கவில்லை.

1947 ஏப்ரல் 30-ந் தேதி ட்ரூமன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அணைக்கு மறுபடியும் ஹூவர் பெயர் வந்தது. அதே ஆண்டு சர்க்கார் இலாகாக்களைச் சீர்திருத்த ஒரு கமிஷன் ஏற்பட்டது. தலைவர் ஹூவர்.

இதற்கு நடுவில் 1948 தேர்தல் வந்தது. மேடைக்கு மேடை ட்ரூமன், ஹூவர் காலத்துக் கஷ்டத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டார்! அரசியல் அப்படித்தான். ஹூவருக்கு மனம் நொந்தது. ஆனாலும் கமிஷன் வேலையைப் பாதியில் விடவில்லை. ஜெயித்த ட்ரூமனும் அவரை ஒதுக்கவில்லை. கமிஷன் சொன்ன யோசனைகளில் பெரும்பாலானவை அமலுக்கு வந்தன.

பதவி முடிந்தபின் இருவரும் இன்னும் நெருங்கினார்கள். 1957-ல் ட்ரூமன் பெயரால் அமைந்த நூலகத்தின் விழாவுக்கு ஹூவர் போனார். 1962 ஆகஸ்டு 10-ந் தேதி ஹூவருக்கு 88 வயது. அன்று வெஸ்ட் பிராஞ்சில் அவருடைய நூலகம் திறக்கப்பட்டது. ட்ரூமன் வந்திருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஹூவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பொதுவாழ்வில் அடைபட்ட கதவைத் தமக்குத் திறந்துவிட்டவர் அவர்தான் என்றும், அந்த நட்பு தமது வாழ்வில் எவ்வளவோ ஆழமாய்ப் பதிந்தது என்றும் அதில் சொல்லியிருந்தார்.

1964 அக்டோபர் 20-ந் தேதி ஹூவர் 90-வது வயதில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் ட்ரூமன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். விலா எலும்பு முறிந்திருந்தது. நண்பரின் இறுதிச் சடங்குக்கு அவரால் போக முடியவில்லை. பிறந்த வெஸ்ட் பிராஞ்சிலேயே ஹூவர் அடக்கம் செய்யப்பட்டார்.