களிமண்ணின் அடியைப் படித்தவர்

ஆவடி, பூந்தமல்லி பக்கம் நிலமோ மேய்ச்சல் தரையோ வைத்திருக்கிறீர்களா? ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்றார். உழவர்களுக்குப் பயன்படுவது அவரது இன்னொரு பணி. பாலாற்றுக்கு வடக்கே உள்ள பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்து, 1873-ல் அறிக்கை தந்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இலைத்தடம் பதிந்த ஷேல் பாறை அதில் இடம்பெற்றது.

ஷேல் என்பது பழங்காலச் சேறு இறுகி உண்டான, ஏடு ஏடாக உரியும் களிப்பாறை. அது சிதைந்தால் மீண்டும் களிமண்ணாகிறது. அதனால்தான் அந்த மண் மழையில் காலில் அப்புகிறது; நீரை மெதுவாக உள்ளே விடுகிறது; கோடையில் இறுகுகிறது.

உங்கள் நிலத்தில் குழி தோண்டிப் பாருங்கள். மெல்லிய ஏடுகளாகக் கல் உரிந்தால் அடியில் ஷேல் இருக்கலாம். அங்கே சேறு காயும் வரை மாடுகளை விடாதீர்கள். குளம்பு பட்டு மண் இறுகினால் புல்லின் வேர் மூச்சுத் திணறும். தொழுவுரம் இடுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் இடவேண்டாம். ஷேலில் ஊற்று பெரும்பாலும் குறைவு. நீரோட்டம் பார்த்த பிறகே கிணறு வெட்டுங்கள்.

1891-ல் ஓய்வு பெற்ற ஃபூட், 1912-ல் காலமானார். அவரது கல்லறை ஏற்காட்டில் இருக்கிறது. செலவு செய்யும் முன் அடிநிலத்தைப் பார் என்பதே அவர் பணி நமக்குச் சொல்லும் பாடம்.