பெரியாறு தந்த பென்னிகுயிக்

தேவதானத்தில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவராக எழுந்து நிற்கும். அண்டையிலுள்ள சிவகிரியின் பெயர் தாங்கிய மலைப் பகுதியில்தான் பெரியாறு பிறக்கிறது. ஆயினும் அது மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்து வந்தது. மலைக்கு அப்பால் வெள்ளம், இப்பால் வறட்சி. இந்நிலையை மாற்றத் துணிந்தவர் ஜான் பென்னிகுயிக்.

இளமை

இவர் 1841 சனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையின் உயர் அதிகாரி. 1849 சனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலாப் போரில் தந்தையும் தமையனும் ஒருசேர மாண்டனர். பென்னிகுயிக்குக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாள்களே இருந்தன. இங்கிலாந்தில் கல்வி முடித்து, சென்னை மாகாணப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1860இல் இந்தியா வந்தார்.

அணை

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. மழை பொய்ப்பதை விதியென்று எண்ணிய மக்கள் செத்து மடிந்தனர். பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் முன்பே இருந்தது. ஆனால் 1808இல் ஆய்ந்த கால்டுவெல் என்ற படைத்தலைவர் அது நடவாத காரியம் என்று ஒதுக்கிவிட்டார். 1882இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு வேலை தொடங்கியது.

அடர்ந்த காடு, வன விலங்குகள், மலைக் காய்ச்சல். தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. நோயால் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர். அவர்தம் பெயர்களை நாம் அறியோம். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு 176 அடி உயரத்தில் எழுந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் வைகைப் படுகையை அடைந்தது.

பின்னர் அவர் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரித் தலைவரானார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்தார். 1911 மார்ச் 9ஆம் நாள் மறைந்தார்.

இடரும் ஆபத்தும்

1986இல் ஜெர்மானியச் சமூகவியலார் உல்ரிக் பெக், நவீன சமுதாயத்தை இடர்ச் சமுதாயம் என்று பெயரிட்டார். இயற்கை தரும் துன்பங்களை வென்ற மனிதன், தன் அறிவாலும் தொழிலாலும் புதிய இடர்களைத் தானே உண்டாக்குகிறான் என்பது அவர் கருத்து. நிக்லாஸ் லூமன் மேலும் ஒரு வேறுபாடு காட்டினார். முடிவெடுப்பவனுக்கு அது இடர். அம்முடிவில் பங்கில்லாமல் அதன் விளைவுக்கு உட்படுபவனுக்கு அதுவே ஆபத்து.

பெரியாற்று அணை இதற்கு நல்ல சான்று. பஞ்சத்தின் அச்சத்தை அது குறைத்தது. வேறோர் அச்சத்தைப் பிறப்பித்தது. 1979இல் குசராத்தின் மச்சு அணை உடைந்தபின் கேரளத்தில் கவலை மிகுந்தது. நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்டது. வல்லுநர் ஆய்வுகளுக்குப் பின் 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. எனினும், கணக்குப் போட்டுக் காட்டியதால் மட்டும் அச்சம் தீர்ந்துவிடவில்லை. கம்பத்தில் நாற்று நடுபவன் அணையை நம்பி உறங்குகிறான். இடுக்கியில் ஆற்றோரம் வாழ்பவன் மழை இரவில் அதே அணையை நினைத்து விழித்திருக்கிறான். இருவரையும் அறியாதவர் என்று தள்ளிவிடல் ஆகாது.

பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று தேனிப் பகுதியில் வழங்குகிறது. அதற்குத் தக்க ஆவணச் சான்று காட்டப்படவில்லை. ஆனால் அக்கதை ஓர் உண்மையைச் சொல்கிறது: தன் உடைமையையும் பணயம் வைத்தவன் சொல்லையே மக்கள் நம்புவர். பிள்ளைகளுக்கு அவர் பெயரிட்டும், அவர் பிறந்தநாளில் பொங்கலிட்டும் அவ்வூர் மக்கள் நன்றி செலுத்துகின்றனர்.

நண்பர்களே! நாளை நம்மிலும் பலர் பொறுப்பான பதவிகளில் அமர்ந்து பிறர்க்காக முடிவெடுக்கப் போகிறோம். அந்த முடிவின் கீழ் வாழப்போகிறவர்களையும் உடன் அமர்த்திப் பேசுவோமாக. மலைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ளோர் ஒருங்கே நிம்மதியாக உறங்கும் நாளே அவருடைய பணி நிறைவுறும் நாள்.