முன்னோரைத் தேடிய ஆபிரகாம் லிங்கன்

அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் (1809–1865) கென்டக்கியில் உழவர் குடியில் பிறந்தவர். வர்ஜீனியாவிலிருந்து நிலம் நாடி அங்குச் சென்ற அவருடைய பாட்டனார், 1786இல் வயலில் உழைத்துக்கொண்டிருந்தபோது பூர்வகுடியினரின் தாக்குதலில் கொல்லப்பட்டார். அப்போது சிறுவராய் இருந்த தந்தை தாமஸ் கல்வியின்றி வளர்ந்தார். முன்னோர் பற்றிய செய்தியும் குடும்பத்தில் அருகிப்போயிற்று.

1848இல் நாடாளுமன்ற உறுப்பினராய் இருந்த லிங்கன், மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரில் வாழ்ந்த லிங்கன் குடும்பத்தாருக்கு மடல் எழுதி வினவினார். இரு குடும்பத்திலும் மார்டெக்காய் முதலிய பெயர்கள் ஒத்திருந்தன, உறவோ உறுதிப்படவில்லை. 1637இல் இங்கிலாந்திலிருந்து வந்து அவ்வூரில் குடியேறிய நெசவாளர் சாமுவேல் லிங்கனே அவர்தம் மூதாதை எனப் பிற்காலத்து ஆய்வாளர் நிறுவினர். அதனை அறியாமலே அப்பெருமகன் மறைந்தார்.

குலதெய்வத்தைப் போற்றும் இல்லங்களில் பாட்டன் பூட்டன் பெயரும் ஊரும் எழுதி வைக்கப்பட்டால், பேரப்பிள்ளைகள் நாளை தேடி அலைய வேண்டியதில்லை.